மலைக்கு பழைய ஃபோர் வீல்: ஜிப்ஸியா, தாரா, கூர்க்காவா?

எங்களுக்கு போடிமெட்டு தாண்டி பூப்பாறை பக்கத்துல ஏலத்தோட்டம் இருக்கு, மெயின் ரோட்டுல இருந்து மூணு கிலோமீட்டர் உள்ள போகணும், அந்த மூணு கிலோமீட்டர்தான் எந்த வண்டியோட ஜாதகத்தையும் சொல்லிடும். பாதி தூரம் பாறை, மீதி செம்மண், ஜூன்ல மழை பிடிச்சா அந்த செம்மண்ணு சோப்பு தேச்ச மாதிரி வழுக்கும். காய் எடுப்பும் மழையோடயே ஆரம்பிச்சிடுறதால வண்டி ஏறாதுன்னு வீட்ல உக்கார முடியாது. இந்தப் பாதையில நான் அஞ்சு வருஷம் மாருதி ஜிப்ஸி ஓட்டுனேன், 2021ல அதைக் குடுத்துட்டு 2017 மாடல் மஹிந்திரா தார் எடுத்தேன், இன்னைக்கு வரைக்கும் அதுதான். கம்பத்துல இருக்குற மச்சான் ஃபோர்ஸ் கம்பெனி கூர்க்கா வச்சிருக்காப்ல, சீசன்ல மாத்தி மாத்தி ஓட்டுவோம். மூணுமே செகண்ட் ஹேண்ட்ல எடுத்த வண்டிதான்.

பழைய ஃபோர் வீல் எடுக்கணும்னு யார் கேட்டாலும் முதல் கேள்வி எத்தனை ஹெச்.பி., டிஃப் லாக் (ஒரு ஆக்ஸில்ல உள்ள ரெண்டு சக்கரத்தையும் சேத்து ஒண்ணா சுத்த வைக்கிற பூட்டு) இருக்கா இல்லையான்னுதான் வருது. நான் முதல்ல பாக்கச் சொல்றது எடை. சேத்துல எவ்வளவு புதையும், இறக்கத்துல பிரேக் எவ்வளவு சூடாகும், டயருக்கு எவ்வளவு செலவாகும், மாட்டிக்கிட்டா யாரைக் கூப்பிடணும், இது அத்தனையும் எடையில இருந்துதான் வருது.

ஜிப்ஸி ஒரு டன் பக்கம்தான் இருக்கும். 1985ல வந்த வண்டி, ஆரம்பத்துல 970 சிசி, பின்னாடி கிங்னு 1298 சிசி, 2000க்கு அப்புறம் கார்புரேட்டருக்குப் பதிலா பெட்ரோலைப் பீச்சி அடிக்கிற எம்.பி.எஃப்.ஐ. எஞ்சின் வந்து 80 ஹெச்.பி. ஆச்சு, எடுத்தா இந்த எம்.பி.எஃப்.ஐ.தான் எடுக்கணும். பெட்ரோல் மட்டும்தான், டீசல் ஜிப்ஸின்னு யாராச்சும் காட்டுனா அது எஞ்சின் மாத்துன வண்டி, ஆர்.சி.ல ஏத்தியிருக்கான்னு பாக்காம தொடாதீங்க. ஒரு ஆடி மாசம் எங்க பாதையில, பள்ளத்துல இடது பக்கம் ரெண்டு சக்கரமும் இறங்கி ஜிப்ஸி வயித்துல உக்காந்துடுச்சு. காய் எடுக்க வந்திருந்த நாலு பேரும் நானும் சேந்து பின்பக்கத்தைத் தூக்கி ஒரு அடி நகத்தி வச்சோம், டயருக்கு அடியில ரெண்டு சாக்கைப் போட்டு முதல் கியர்ல மெதுவா விட்டேன், ஏறி வந்துடுச்சு, மொத்தம் இருபது நிமிஷம். அதே பள்ளத்துல ரெண்டு வருஷம் கழிச்சு தார் இறங்குச்சு, நாலு பேர் இல்ல எட்டு பேர் தள்ளியும் அசையல, கீழ இருந்து டிராக்டர் வர சாயங்காலம் ஆயிடுச்சு.

அப்புறம் ஏன் ஜிப்ஸியைக் குடுத்தேன்னா, மத்த நேரம் முழுக்க அது உடம்பை வாங்கிடும். நாலு பக்கமும் ஸ்பிரிங் பட்டை, ஆள் ஏறலைன்னா வண்டி தவளை மாதிரி குதிக்கும், அம்மாவுக்கு முதுகு வலி வந்ததுல இருந்து அவங்க அதுல ஏறவே மாட்டேன்னுட்டாங்க. கம்பெனி ஏ.சி. கிடையாது, பவர் ஸ்டியரிங் கிடையாது, போடிமெட்டு கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி இறங்குனா தோள்பட்டை ரெண்டும் கழண்டுரும். மலையில எனக்கு லிட்டருக்கு எட்டு, ஒன்பதுதான் குடுத்துச்சு. பச்சைக் காய் ஏத்துறதுக்கும் பின்னாடி இடம் பத்தாது, ரெண்டு நடை போற வேலைக்கு மூணு நடை போகணும்.

ஜிப்ஸி பாக்கப் போறவங்க முன்சக்கரத்துக்குப் பின்னாடி குனிஞ்சு அந்த உருண்டையைப் பாருங்க, ஆக்ஸில் வந்து சேர்ற இடத்துல ஒரு பெரிய இரும்பு உருண்டை இருக்கும். அதைச் சுத்தி கிரீஸ் வழிஞ்சு மண்ணோட அப்பியிருந்தா சீல் போயிருக்கு, உள்ள பேரிங்கும் தேஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு. அந்த பேரிங் தேஞ்ச வண்டி அறுபது கிலோமீட்டர் வேகத்துல ஒரு குழியில இறங்குனா ஸ்டியரிங் கையில நிக்காம ஆட ஆரம்பிக்கும், வேகத்தைக் குறைச்சாதான் நிக்கும். ஓட்டிப் பாக்கும்போது நல்ல ரோட்டுல மட்டும் ஓட்ட விடுவாங்க, நீங்க கேட்டு வாங்கி குழி இருக்குற ரோட்டுல ஓட்டுங்க.

தாருக்கு வருவோம். நான் சொல்றது 2010ல இருந்து 2020 வரைக்கும் வந்த பழைய தார், 2020 அக்டோபர்ல வந்த புதுசு வேற வண்டி, அதோட விலையும் வேற. பழசுல டி.ஐ.ன்னு பழைய டைப் டீசல் எஞ்சின் ஒண்ணு இருந்துச்சு, அது வேண்டாம், காமன் ரெயில் டீசல் எஞ்சினான சி.ஆர்.டி.இ. பாருங்க, 2498 சிசி, 105 ஹெச்.பி., 247 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. ஒன்றரை டன்னுக்கு மேல இருக்குற வண்டியை அந்த டார்க்தான் காப்பாத்துது, ரெண்டாவது கியர்ல ஆக்சிலேட்டரை லேசாத் தொட்டாலே மேடு ஏறிடும், ஜிப்ஸில எஞ்சினை விரட்டி விரட்டி ஏத்தணும். முன்னாடி தனித்தனி சஸ்பென்ஷன், பின்னாடி மட்டும் பட்டை, அதனால ரோட்டுல ஜிப்ஸியை விட நிதானமா போகும், பாறையில ஜிப்ஸி மாதிரி காலைத் தூக்கி வச்சுப் போகாது. பவர் ஸ்டியரிங் உண்டு, ஏ.சி. உண்டு, அம்மா இப்ப திரும்ப தோட்டத்துக்கு வர்றாங்க, எனக்கு அது பெரிய விஷயம்.

2015க்கு அப்புறம் வந்த தார்ல பின்னாடி தானா லாக் ஆகுற டிஃப் குடுத்தாங்க, முடிஞ்சா அந்த வருஷத்துக்கு மேல உள்ளதையே தேடுங்க. ஒரு சக்கரம் சேத்துல சும்மா சுத்தும்போது எல்லாரும் பதறி காலை எடுத்துடுவாங்க, எடுக்கக் கூடாது, ஆக்சிலேட்டரைக் கொஞ்சமா பிடிச்சு வச்சிருந்தா அடியில 'டக்'குனு ஒரு சத்தம் கேக்கும், சீட்டு வழியா உடம்புக்கே தெரியும், அடுத்த நொடி ரெண்டு பின்சக்கரமும் சேந்து பிடிச்சு வண்டி மேல வரும். முதல் தடவை அந்தச் சத்தம் கேட்டப்ப ஏதோ உடைஞ்சிடுச்சுன்னு இறங்கிப் பாத்தேன், இப்ப அந்த சத்தத்துக்காகத்தான் காத்திருக்கேன்.

மைலேஜ் மலையில பதினொண்ணு வருது. டயர் 245/75 ஆர்16, ஜிப்ஸிக்கு 205/70 ஆர்15, கடையில ரெண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்க, செட்டா மாத்தும்போது கை கடிக்கும். பழைய கேன்வாஸ் டாப்பா இருந்தா மழை உள்ள வரும், தரை பாயை எடுத்துப் பாத்து ஈரமா துருவான்னு தெரிஞ்சுக்கணும். எங்க போடியில தார்னா கண்ணைக் கட்டி விட்டாலும் வேலை பாக்க ஆள் இருக்கு, ஏன்னா காலங்காலமா தோட்டத்து ஆள் ஏத்துற ஜீப் ஓடுற ஊரு, தேனி, கம்பம், உத்தமபாளையம் எல்லாப் பக்கமும் மஹிந்திராவோட பழைய கமாண்டர், மேஜர் ஜீப்பெல்லாம் ஓடிக்கிட்டேதான் இருக்கு, அந்தப் பட்டறைக்காரங்களுக்கு தார் அதோட தம்பி மாதிரி.

கூர்க்கா விஷயத்துல மச்சான் என்னோட சண்டைக்கு வருவாப்ல, ஆனாலும் சொல்றேன், அது மூணுலயும் ரொம்ப திறமையான வண்டி, எனக்கு வேண்டாத வண்டி. முன்னாடியும் பின்னாடியும் டிஃப் லாக் கம்பெனியே குடுக்குது, தண்ணியில இறங்குனா மூச்சு விட மேல ஸ்னார்க்கல் குழாயும் கம்பெனியே குடுக்குது, இந்த விலைக்கு வேற யாரும் இதைக் குடுக்கல. அவர்கிட்ட இருக்குறது 2021ல வந்த மாடல், நாலு பக்கமும் காயில் ஸ்பிரிங், 2.6 லிட்டர், 90 ஹெச்.பி., பழைய மெர்சிடிஸ் டிசைன்ல இருந்து வளந்த எஞ்சின். ஒரு தடவை எங்க பாதையில மரம் விழுந்து, பக்கத்துல ஓடை வழியா சுத்திப் போக வேண்டியிருந்துச்சு, நானே தாரை இறக்கத் தயங்குனேன், மச்சான் ரெண்டு லாக்கையும் போட்டு நடக்குற வேகத்துல உருட்டிக்கிட்டே அந்தப் பக்கம் போயிட்டாப்ல. ஒண்ணு மட்டும் மனசுல வையுங்க, முன்னாடி லாக் போட்டா ஸ்டியரிங் திரும்பாது, நேராப் போற இடத்துல மட்டும் போட்டு உடனே எடுத்துடணும்.

ஆனா அது தாரை விட கனம், அகலம் வேற. காட்டுப் பாதையில எதிர்ல ஜீப் வந்தா ஒதுங்க இடமில்லாம பின்னாடி ஓட்டிட்டு வரணும். ஸ்பேர் எல்லா ஊர்லயும் கைல இருக்காது, ஆர்டர் போட்டு காத்திருக்கணும். ஒரு ஆறுதல், இதே எஞ்சின் குடும்பம்தான் டிராவலர் வேன்லயும் இருக்கு, உங்க ஊர்ல வேன் ஸ்டாண்டு இருந்தா எஞ்சின் வேலை தெரிஞ்ச மெக்கானிக் அங்க கிடைப்பாரு, கூர்க்கா எடுக்குறதுக்கு முன்னாடி அவரைத் தேடிப் பிடிச்சு பேசிடுங்க.

மாருதி ஜிம்னியைப் பத்தியும் கேக்குறாங்க. 2023ல வந்தது, இப்ப செகண்ட்ஸ்ல கிடைக்க ஆரம்பிச்சிருக்கு, 1.2 டன்தான், ஏ.சி., ஆறு ஏர்பேக், காயில் ஸ்பிரிங், மெதுவா ஆனா பலமா இழுக்குற லோ கியரும் உண்டு. ஜிப்ஸியோட இலகுவும் வேணும், குடும்பமும் ஏறணும்னா பட்ஜெட் உள்ளவங்க தயங்காம அதைப் பாக்கலாம். மூட்டை ஏத்துற வேலைக்கு வராது.

எந்த வண்டியா இருந்தாலும் சேஸை, அதாவது வண்டியைத் தாங்குற அடிச் சட்டத்தைப் பாக்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க, இதுல நானே அடி வாங்கப் பாத்தேன். தாருக்கு முன்னாடி வேற ஊர்ல ஒரு ஜிப்ஸி பாத்தேன், பெயிண்ட் பளபளன்னு, அடியில புதுசா கருப்பு கோட்டிங் அடிச்சு அந்த வாசனையே போகல. புரோக்கர் டீ வாங்கப் போன நேரத்துல சாக்கு விரிச்சு கீழ படுத்து, பின்பக்க ஸ்பிரிங் மாட்டுற இடத்துல ஸ்க்ரூடிரைவரை வச்சு அழுத்துனேன். அப்பளம் மாதிரி 'சரக்'குனு உள்ள போயிடுச்சு, இழுத்தா கருப்பு கோட்டிங்கும் பட்டியும் துருத் தூளும் மூஞ்சியில கொட்டுது. கடலோர ஊர்ல ஓடுன வண்டியாம், பிறகுதான் சொன்னாங்க. எஞ்சின் போனா எஞ்சின் கட்டலாம், கியர் பாக்ஸ் போனா மாத்தலாம், சேஸ் போன வண்டியில உங்க புள்ளைங்களை ஏத்திட்டு மலை ஏறக் கூடாது, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது.

அடுத்து, ஃபோர் வீல் விழுதான்னு மண் தரையில பாருங்க. நல்ல ரோட்டுல ஃபோர் வீல் போட்டுத் திருப்பிக் காட்டுனா நம்பாதீங்க, இந்த வண்டியெல்லாம் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேற வேற வேகத்துல சுத்த விடுற டிஃப் நடுவுல இல்லாத டைப், கெட்டி ரோட்டுல ஃபோர் வீல் போட்டுத் திருப்புனா உள்ள இறுகி பல்லு தேயும். ஃபோர் வீல்ல லோ கியர் போட்டு ஒரு மேட்டுல நிறுத்தி எடுங்க, கடகடன்னு சத்தமோ லீவர் தானா வெளிய வர்றதோ இருந்தா விலையைக் குறைக்கிறத விட வேற வண்டி தேடுறது நல்லது.

பேப்பர் விஷயம் மறந்துடாதீங்க. டெல்லி பக்கம் பத்து வருஷம் தாண்டுன டீசல் வண்டி ஓடக் கூடாதுங்கிற உத்தரவை 2018ல சுப்ரீம் கோர்ட்டும் உறுதி பண்ணுச்சு, அதுல இருந்து அங்க உள்ள தார் நிறைய சல்லிசா இந்தப் பக்கம் வந்துச்சு. என்.ஓ.சி. வாங்கி இங்க திரும்ப டேக்ஸ் கட்டி நம்பர் மாத்துற செலவையும் சேத்துதான் விலை சல்லிசான்னு பாக்கணும். பதினஞ்சு வருஷம் தாண்டுன ஜிப்ஸின்னா பதிவைப் புதுப்பிக்கணும், 600 ரூபாயா இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல்ல 5000 ஆச்சு, இப்ப எவ்வளவுன்னு ஆர்.டி.ஓ.ல கேட்டுக்கோங்க, கிரீன் டேக்ஸ் தனி. புல் பார் மாட்டியிருந்தா கழட்டிடுங்க, 2017 கடைசியிலயே மத்திய அரசு அதுக்குத் தடை போட்டாச்சு. பெரிய டயர், தூக்குன சஸ்பென்ஷன் எல்லாம் பாக்க அழகா இருக்கும், ஆர்.சி.ல இல்லாத மாத்தம் எதுவா இருந்தாலும் ஆக்ஸிடென்ட் ஆனா இன்சூரன்ஸ்ல உங்களைத்தான் கேள்வி கேப்பாங்க.

அதனால தோட்டம், மூட்டை, குடும்பம், தினசரி ஓட்டம்னு இருக்குறவங்களுக்கு நான் 2015க்கு மேல உள்ள பழைய தாரைத்தான் சொல்வேன். தனியா போறவங்க, பாதை ரொம்ப குறுகல், பெட்ரோல் செலவு பரவாயில்லைன்னா சேஸ் சுத்தமா இருக்குற ஜிப்ஸியை விடாதீங்க. என் ஜிப்ஸி இப்பவும் பக்கத்துத் தோட்டத்துலதான் இருக்கு, மழைக் காலத்துல என் தார் எங்கயாச்சும் உக்காந்துட்டா அந்த அண்ணனுக்குத்தான் முதல்ல போன் போடுவேன், கயிறும் ஆளும் ஏத்திக்கிட்டு அதுலயே வந்து இறங்குவாரு.