ஓடி (ஓவர்டைம்) கணக்குக்கு கூகுள் ஷீட்ஸ்: சிங்கப்பூரில் மணிக்கூலி வேலை பார்ப்பவர்களுக்கு

கட்டங்களில் கணக்குப் போடும் இந்தச் செயலி இலவசம், கைப்பேசியிலேயே ஓடும். சம்பளச் சீட்டோடு ஒப்பிட இது தாராளமாகப் போதும். ஆனால் நேரத்தைக் கையாளும் விதத்தில் மூன்று இடங்களில் கணக்கு கவிழும்.

முதலாவது இரவு ஷிப்ட். இரவு 8 முதல் காலை 7 வரை என்று போட்டு நேராகக் கழித்தால் விடை மைனஸில் வரும். 'மாட்' (MOD) சார்பில் அந்த வித்தியாசத்தையும் 1 என்ற எண்ணையும் கொடுத்தால் 11 மணி சரியாக வரும். சாப்பாட்டு இடைவேளையைத் தனிக் கட்டத்தில் கழியுங்கள்.

அடுத்தது கூட்டுத்தொகை. கட்டம் 'டைம்' வடிவத்தில் இருந்தால் 26:30 என்பது 2:30 என்று தெரியும். 'டியூரேஷன்' என்று மாற்றுங்கள்.

பலரும் சறுக்குவது மூன்றாவதில்தான். ஷீட்ஸுக்கு ஒரு நாள் என்பது 1. ஆகவே 20 மணி நேரம் உள்ளே 0.8333 ஆகத்தான் இருக்கும். 24 ஆல் பெருக்காமல் 6.29 டாலர் கூலியால் மட்டும் பெருக்கினால் சுமார் 126 டாலர் வரவேண்டிய இடத்தில் சுமார் 5 டாலர் நிற்கும்!

மணிக்கூலிச் சூத்திரம்: மாத அடிப்படைச் சம்பளம் × 12 ÷ (52 வாரம் × 44 மணி). 800 டாலருக்கு 4.20, ஒன்றரை மடங்கு ஓடி 6.29. அலவன்ஸை இதில் சேர்க்கக்கூடாது. சென்ட்டை ரவுண்ட் செய்வதைக் கடைசிக் கட்டத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பலம், திருத்த வரலாறு. எந்தப் பதிவு எப்போது மாறியது என்று தேதியோடு காட்டும். வேலை சைட்டில் சிக்னல் இல்லாவிட்டால் பதிவு செய்ய, அந்தக் கோப்புக்கு 'ஆஃப்லைன்' வசதியை முன்பே போட்டிருக்க வேண்டும்.