சக்கர நாற்காலி வாள்வீச்சு: ஃபாயிலா, எப்பேயா?

நாற்காலியை உலோகச் சட்டகத்தில் பூட்டிவிடுவார்கள். பின்வாங்கி ஓட வழியில்லை. அதனால் ஃபாயில், எப்பே என்ற வாள்வகைகளில் எது என்பது ஆட்டத்தையே மாற்றிவிடும்.

எப்பேயில் இடுப்புக்கு மேலே எங்கே பட்டாலும் புள்ளி. இருவரும் சேர்ந்து குத்தினால் இருவருக்குமே. கால்களில் படுவது கணக்கில் வராதபடி மடியில் உலோக இழைத் துணி. முன்னால் நீளும் மணிக்கட்டே இலக்காகிவிடுவதால் அவசரக்காரருக்கு ஆகாது.

ஃபாயிலில் உடற்பகுதி மட்டும்தான். சேர்ந்து குத்தினால் தாக்கும் உரிமை யாருக்கு என்று நடுவர் பார்த்து, அவருக்கே புள்ளி தருவார். புதிதாகப் பார்ப்பவருக்கு எப்பே சட்டென்று புரியும், சரி. ஆனாலும் என் மனம் ஃபாயில் பக்கம்தான். முன்கைகளை இழந்த இத்தாலியின் பெபே வியோ, செயற்கைக் கையில் வாளைப் பொருத்திக்கொண்டு 2016 ரியோ பாராலிம்பிக்கிலும் அடுத்து டோக்கியோவிலும் தங்கம் வென்றது ஃபாயிலில். முதுகைப் பின்னால் சாய்த்து, நூலிழையில் தப்பி, அதே வேகத்தில் பாய்வார். பார்க்கக் கண் போதாது.