ஸாபிக்ஸா, ப்ரோமிதியஸா? சர்வரைக் கண்காணிக்க எதை நிறுவுவது

சர்வர் கண்காணிப்பு என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களில்தான் வந்து நிற்கும். இரண்டும் ஓப்பன் சோர்ஸ், இரண்டுக்கும் லைசன்ஸ் பணம் கிடையாது. (பணம் கட்டத் தயார் என்றால் டேட்டாடாக் முதல் ஸோஹோவின் மேனேஜ்எஞ்சின் வரை வரிசையாக நிற்கின்றன. அது தனிக் கதை.) ஆனால் ஒன்றில் பழகியவர் மற்றதைத் திறந்தால் முதல் வாரம் திணறுவார். சர்வர் என்றால் என்ன என்பதிலேயே இரண்டுக்கும் ஒத்துப்போகாது.

ஸாபிக்ஸ் லாட்வியாக்காரர் அலெக்ஸேய் விளாடிஷெவ் எழுதியது. 1998இல் வங்கி ஒன்றின் உள் உபயோகத்துக்காகத் தொடங்கினார், 2001இல் பொதுவில் விட்டார். அந்தக் காலத்து சர்வருக்குப் பெயர் உண்டு, மாறாத ஐபி உண்டு, வருடக்கணக்கில் அதே ரேக்கில் கிடக்கும். ஸாபிக்ஸின் சொற்களெல்லாம் இந்த நினைப்பிலிருந்து வந்தவை. இயந்திரம் என்பது ஹோஸ்ட். அதில் அளக்கும் ஒவ்வொன்றும் ஐட்டம். ஐட்டத்தின் மதிப்பைப் பார்த்து ‘இது கோளாறு’ என்று தீர்ப்புச் சொல்வது டிரிகர். அதன்பின் யாருக்கு மெயில் போக வேண்டும், எந்த ஸ்கிரிப்ட் ஓட வேண்டும் என்பது ஆக்‌ஷன். ஒரே வகை சர்வர்களுக்கு இதையெல்லாம் திரும்பத் திரும்ப எழுதாமல் இருக்க டெம்ப்ளேட்.

ப்ரோமிதியஸ் 2012இல் பெர்லினின் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கியது. கூகுளிலிருந்து வந்த மாட் ப்ரவுட்டும் ஜூலியஸ் வோல்ஸும், கூகுளுக்குள் ஓடிய போர்க்மான் என்ற கருவியை மனதில் வைத்து எழுதினார்கள். காலையில் இருந்த கன்டெய்னர் (அப்ளிகேஷனை அடைத்து ஓட்டும் பெட்டி) மாலையில் இருக்காது என்ற உலகம் அது. அதனால் இங்கே இயந்திரத்துக்கு முதலிடம் இல்லை. இருப்பது டைம் சீரீஸ் மட்டும்: ஒரு மெட்ரிக் பெயர், அதோடு ஒட்டிய லேபிள்கள், நேரவாரியாக எண்கள். எந்த சர்வர் என்பதும் ‘இன்ஸ்டன்ஸ்’ என்ற இன்னொரு லேபிள்தான். 2016இல், கிளவுட் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களைப் பேணும் சிஎன்சிஎஃப் அமைப்பில், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸுக்கு அடுத்து இரண்டாவதாக இது சேர்ந்தது தற்செயல் அல்ல.

‘ப்ரோமிதியஸ் புல் (தானே இழுப்பது), ஸாபிக்ஸ் புஷ் (சர்வர் தள்ளிவிடுவது)’ என்று பலரும் எழுதுகிறார்கள். முதல் பாதி சரி. ப்ரோமிதியஸ் குறித்த இடைவெளியில் தானே போய் எண்களை எடுத்து வருகிறது. இதற்கு ஸ்கிரேப் என்று பெயர். லினக்ஸ் சர்வரில் நோட் எக்ஸ்போர்ட்டர் என்ற சின்ன நிரல் 9100ஆம் போர்ட்டில் ஒரு சாதாரண ஹெச்டிடிபி பக்கமாக எண்களைக் கொட்டி வைத்திருக்கும், பிரவுசரிலேயே பார்க்கலாம். சர்வர் பதில் சொல்லாவிட்டால் ‘அப்’ என்ற மெட்ரிக் பூஜ்யமாகிவிடும். ஸாபிக்ஸிலோ இரண்டும் உண்டு. கண்காணிக்கப்படும் சர்வரில் ஓடும் நிரல்தான் ஏஜென்ட். பாசிவ் ஏஜென்ட் 10050ஆம் போர்ட்டில் கேட்டால் சொல்லும். ஆக்டிவ் ஏஜென்ட் தானே ஸாபிக்ஸ் சர்வரின் 10051க்கு அனுப்பும். ஃபயர்வாலுக்குப் பின்னால் இருக்கும் கிளை அலுவலகங்களுக்கு ஆக்டிவ்தான் கைகொடுக்கும். ஸாபிக்ஸ் ப்ராக்ஸியையும் அங்கே வைத்துவிட்டால், லைன் போன நேரத்து அளவுகளைச் சேர்த்து வைத்து, லைன் வந்ததும் அனுப்பிவிடும். தலைமையகத்து ப்ரோமிதியஸ் அங்கே எட்டிப் பிடிக்க முடியாத நேரம் கிராஃபில் ஓட்டையாகவே நின்றுவிடும்.

அடுத்தது கவுன்ட்டர், கேஜ். கேஜ் என்பது ஏறும், இறங்கும்: மெமரி, வெப்பநிலை மாதிரி. கவுன்ட்டர் ஈபி மீட்டர் ரீடிங் போல ஏறிக்கொண்டே போகும், அந்த எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. நெட்வொர்க் கார்டு இதுவரை அனுப்பிய பைட்டுகள் இப்படித்தான் வரும். ப்ரோமிதியஸ் அதை அப்படியே சேமித்து, கேட்கும்போது ‘ரேட்’ ஃபங்ஷனால் வினாடிக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும். நடுவில் சர்வர் ரீபூட் ஆகி எண் பூஜ்யத்துக்குப் போனாலும் சமாளித்துக்கொள்ளும். ஸாபிக்ஸ் வழக்கமாக உள்ளே வரும்போதே ‘வினாடிக்கு இவ்வளவு’ என்று மாற்றிச் சேமிக்கிறது. இன்றைக்கு 5 நிமிடச் சராசரி, நாளைக்கு 1 மணி நேரச் சராசரி என்று நினைத்தபடி தோண்டும் சுதந்திரம் ப்ரோமிதியஸில் அதிகம். அந்தச் சுதந்திரத்துக்கு விலை ப்ராம்க்யூஎல் என்ற கேள்வி மொழி. அதைக் கற்காமல் தப்பிக்க முடியாது.

எந்தக் கருவியானாலும் மனிதன் தவறாகப் படிக்கும் எண் ஒன்று உண்டு: லோட் ஆவரேஜ். 4 கோர் சர்வரில் லோட் 40 என்று காட்டும், சிபியூவோ 90 சதவீதம் சும்மா இருக்கும். லினக்ஸில் லோட் என்பது சிபியூவுக்குக் காத்திருப்பவர்களை மட்டும் எண்ணுவதில்லை. டிஸ்க்குக்காக, தொங்கிப்போன என்எஃப்எஸ் மவுன்ட்டுக்காக (நெட்வொர்க் வழியாக இணைத்த டிஸ்க்) எழுப்ப முடியாத தூக்கத்தில் கிடக்கும் ப்ராசஸ்களையும் சேர்த்துத்தான் எண்ணும். ஆகவே லோடுக்கு மட்டும் அலர்ட் வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. பக்கத்திலேயே ஐஓவெயிட் (டிஸ்க்குக்காகக் காத்திருந்த நேரம்) வேண்டும், விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) என்றால் ஸ்டீல் டைமும் (நமக்கு வராமல் பிறருக்குப் போன சிபியூ நேரம்) வேண்டும். மெமரிக்கும் இதே கதி: ‘ஃப்ரீ’ குறைந்தால் பதற வேண்டாம், கேஷுக்குப் போயிருக்கும். பார்க்க வேண்டியது ‘அவைலபிள்’.

சராசரியும் ஏமாற்றும். 100 கோரிக்கைகளில் 98 பேருக்கு 100 மில்லி வினாடி, 2 பேருக்கு 5 வினாடி என்று வையுங்கள். சராசரி 198 மில்லி வினாடி, டாஷ்போர்டு பச்சையாகச் சிரிக்கும். பி99, அதாவது 99 சதவீதக் கோரிக்கைகள் எதற்குள் முடிந்தன என்ற எண்ணைப் பார்த்தால்தான் அந்த 5 வினாடி தெரியும். 10 சர்வர்களின் பி99ஐக் கூட்டிப் பத்தால் வகுப்பது இன்னொரு அபத்தம், அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. ப்ரோமிதியஸின் ஹிஸ்டோகிராம் கோரிக்கைகளைக் கால அளவு வாரியாக பக்கெட்டுகளில் எண்ணி வைப்பதால், எல்லா சர்வர்களையும் கூட்டியபின் பி99 கேட்கலாம். கிடைப்பது பக்கெட் எல்லைகளைப் பொறுத்த மதிப்பீடுதான் என்பதை மறக்கக் கூடாது. ஸாபிக்ஸிலும் பின்னாள் பதிப்புகளில் இதற்கு ஃபங்ஷன் வந்தது. ஆனால் அப்ளிகேஷனின் உள்ளே நடப்பதை அளக்க வேண்டுமென்றால் நான் ப்ரோமிதியஸ் பக்கம்தான்.

சேமிப்பில் ஸாபிக்ஸ் முந்துகிறது. மைஎஸ்க்யூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஹிஸ்டரி, ட்ரெண்ட்ஸ் என்று இரண்டாகப் பிரித்து வைக்கும். ட்ரெண்ட்ஸில் மணிக்கு ஒரு வரி: குறைந்தது, சராசரி, அதிகம், எண்ணிக்கை. போன வருடம் இதே மாதம் எப்படி இருந்தது என்று சட்டென்று பார்க்கலாம். டேபிள் பெருத்ததும் பழையதை அழிக்கும் ஹவுஸ்கீப்பர் டேட்டாபேஸைத் திணறடிப்பது உண்மைதான். பார்ட்டிஷன் போட்டுத்தான் ஆக வேண்டும். ப்ரோமிதியஸில் நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் 15 நாள்தான் தங்கும். வருடக்கணக்குக்கு தானோஸ், மிமிர் என்று இன்னொரு அடுக்கு கட்ட வேண்டும். லேபிளில் யூசர் ஐடியைப் போட்டுவிட்டால் ஆளுக்கொரு சீரீஸ் முளைத்து மெமரியை விழுங்கும். கார்டினாலிட்டி என்று பயமுறுத்துவது இதைத்தான்.

அலர்ட்டில், ‘டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் சொல்’ என்பதுதான் எல்லோரும் முதலில் எழுதுவது. 2 டிபி டிஸ்க்கில் 400 ஜிபி மிச்சமிருக்கும்போது நள்ளிரவில் எழுப்பினால் யார் மதிப்பார்கள்? இந்த வேகத்தில் போனால் 4 மணி நேரத்தில் நிறையுமா என்று கேட்பதே முறை. ப்ரோமிதியஸில் அதற்கு ‘பிரெடிக்ட் லீனியர்’, ஸாபிக்ஸில் ‘டைம்லெஃப்ட்’. ஒரு நொடி ஏறி இறங்குவதற்கெல்லாம் கத்தாமல் இருக்க ப்ரோமிதியஸில் ‘ஃபார் 5 நிமிடம்’ என்று எழுதலாம். ஸாபிக்ஸில் கோளாறுக்கு ஓர் எல்லை, சரியானதற்கு வேறோர் எல்லை என்று இரண்டு வைக்கலாம். இது எனக்கு இன்னும் பிடித்தது. ஒரு ஸ்விட்ச் போனால் அதன் பின்னாலுள்ள 30 சர்வர்களுக்கும் தனித்தனி மெசேஜ் வராமல் தடுக்க ஸாபிக்ஸில் டிரிகர் டிபெண்டென்சி, ப்ரோமிதியஸ் பக்கம், அதன் அலர்ட்டுகளை அனுப்பும் அலர்ட்மேனேஜரின் க்ரூப்பிங்கும் (ஒன்றாகக் கட்டுவது) இன்ஹிபிஷனும் (ஒன்று அடித்தால் மற்றதை அடக்குவது).

ஸ்விட்ச், யூபிஎஸ், பழைய விண்டோஸ் சர்வர், நாலைந்து கிளைகள் என்ற அலுவலகமா? யோசிக்காமல் ஸாபிக்ஸ் போடுங்கள். நெட்வொர்க் சாதனங்களிடம் அளவு கேட்கும் எஸ்என்எம்பி முறைக்கு டெம்ப்ளேட்டுகள் தயாராக இருக்கின்றன, எல்லாம் ஒரே வெப் திரையில் முடியும். ப்ரோமிதியஸின் எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டருக்கு மிப் ஃபைல்களோடு (சாதனம் தரும் எண் எதைக் குறிக்கிறது என்ற பட்டியல்) மல்லுக்கட்டும் பொறுமை வேண்டும். குபர்னெட்டீஸ் ஓடுகிறது, விதிகளை யாம்ல் ஃபைலாக கிட்டில் (Git) வைக்கும் பழக்கம் இருக்கிறது, கிராஃப் வரைந்து காட்டும் கிராஃபானாவும் தெரியும் என்றால் மறுபக்கம். இரண்டையும் சேர்த்து ஓட்டுவதும் தப்பில்லை. கிராஃபானா இரண்டிலிருந்தும் எடுத்துக் காட்டும்.

எதை நிறுவினாலும் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை ஒன்று: கண்காணிக்கும் சர்வரே விழுந்தால் யார் சொல்வது? ப்ரோமிதியஸ்காரர்கள் எப்போதும் அடித்துக்கொண்டே இருக்கும் ‘வாட்ச்டாக்’ அலர்ட் ஒன்றை வெளிச் சேவைக்கு அனுப்பி வைப்பார்கள். அது நின்றால் அங்கிருந்து போன் வரும். ஸாபிக்ஸிலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதுபோன்ற வெளிச் சேவையைத் தட்டிவிடும் ஒரு கிரான் ஸ்கிரிப்ட், ஸாபிக்ஸ் ப்ராசஸும் டேட்டாபேஸும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தபின் தட்டும்படி எழுதினால் போதும்.