பத்மினியின் அடித்தகடு: வெல்டிங்கா, ஃபைபரா, பட்டியா?

திருநகரில் எங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்பது ஒரு பிரீமியர் பத்மினி கார். ராமேஸ்வரம் பக்கம் பல வருஷம் ஓடிய வண்டி. வாங்கும்போது பெயின்ட் பளபளவென்றுதான் இருந்தது. டிரைவர் பக்கக் கதவுக்குக் கீழே காந்தத்தை வைத்தேன், ஒட்டாமல் விழுந்தது. ஸ்குரூடிரைவரால் நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டி, அதாவது ஒடுக்கை நிரப்பிப் பூசும் பசை, பெயர்ந்து வந்தது. பின்னால் மடித்துத் திணித்த பழைய நாளிதழ். அதிலிருந்த நகைக்கடை விளம்பரத்தைக்கூடப் படிக்க முடிந்தது!

ஓட்டையை அடைக்கப் பட்டி என்ற பேச்சு அதோடு முடிந்தது. சின்ன ஒடுக்குக்கு 2, 3 மில்லிமீட்டர் பூசலாம், அவ்வளவுதான். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தகட்டை உள்ளுக்குள்ளேயே தின்ன விடும்.

கண்ணாடி இழை விரிப்பான ஃபைபர் மேட்டும், அதை ஒட்டி இறுக்கும் ரெசினும் மச்சானின் யோசனை. மெஷின் வேண்டாம், நெருப்பு வேண்டாம், ஒரு மத்தியானத்தில் வேலை முடியும். மட்கார்டு ஓரமாக இருந்தால் நானும் சரி என்றிருப்பேன். ஆனால் பத்மினிக்குத் தனி சேசிஸ், அதாவது அடிச்சட்டம், கிடையாது. பாடிதான் பாரம் தாங்குகிறது, அதிலும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிதான் முதுகெலும்பு. அங்கே ஃபைபர் ஒட்டினால் பார்க்க மூடியிருக்கும், பலம் இருக்காது. ஓரத்தில் துரு மிச்சமிருந்தால் ஒட்டியதும் சீக்கிரமே விட்டுப்போகும்.

துருவின்மேல் தடவும் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்ற திரவம் மேல்துருவுக்கு மட்டும். தடவினால் கறுத்து இறுகும். செதில் செதிலாக உதிரும் இடத்தில் அதை ஊற்றுவது காசுக்குக் கேடு.

மிச்சம் வெல்டிங். கேஸ் வெல்டிங்கில் கைதேர்ந்த டிங்கர் (வண்டித் தகடு வேலை செய்பவர்) கிடைத்தால் அவரிடமே விட்டுவிடலாம். சூட்டில் நெளியும் தகட்டைச் சுத்தியலால் தட்டி நேராக்க அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதனால் நான் வாடகைக்கு எடுத்தது மிக் மெஷின், கம்பி தானாக வந்து உருகும் மின்சார வெல்டிங். சூடு ஒரே இடத்தில் நிற்கும், கற்றுக்குட்டிக்கும் அடங்கும். பெட்ரோல் டேங்கை இறக்கி, பேட்டரியைக் கழற்றி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தபிறகுதான் சுவிட்சைத் தொட்டோம்.

வெள்ளித் தகடு தெரியும்வரை வெட்டியதில் கையகல ஓட்டை முழங்கை நீளம் ஆனது. அட்டையில் அளவு வரைந்து, அதன்படி 20 கேஜ் தடிமன் தகட்டை வெட்டினோம். இங்கே ஒரு பொட்டு வெல்டிங், ஒரு சாண் தள்ளி இன்னொரு பொட்டு, கை வைத்துப் பார்த்து ஆறியபிறகு அடுத்தது. ஒரே இழுப்பில் ஓட்டினால் தகடு அப்பளம்தான். முதல் மூலையை அப்படித்தான் கெடுத்தேன்.

தகட்டின் ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதே நேர்த்தி. அது கைவரவில்லை, கால் வைக்கும் தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றியே ஒட்டினேன். அந்த இடுக்கில் தண்ணீர் நிற்கும், ஆகவே இரண்டு பக்கமும் சீலர் பூசினோம்.

முன்பு வேலை பார்த்த டிங்கர், கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியின் வடிகால் துளைகளையும் பட்டியால் அடைத்திருந்தார். அவற்றைக் குத்தித் திறந்து மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினோம். மச்சான் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "மாப்ளே, மூணு ஓட்டையிலயும் வருது" என்றான்.