லேப் ஸ்டீலின் வாரிசு எது? ரிக்கன்பேக்கர், கிப்சன், ஃபெண்டர்: ஓர் ஒப்பீடு

முதல் சாலிட் பாடி (உள்ளீடற்ற பெட்டி இல்லாத, திடமான உடல் கொண்ட) மின் கிட்டார் எது என்ற வாதத்தில் ரிக்கன்பேக்கர், லெஸ் பால், பால் பிக்ஸ்பி, லியோ ஃபெண்டர் ஆகிய நான்கு பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. யார் முந்தியவர் என்ற கேள்வியைவிட, இவர்கள் ஒவ்வொருவரும் மடியில் வைத்து வாசிக்கும் லேப் ஸ்டீல் கிட்டாரிடமிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று பார்ப்பது கூடுதல் தெளிவைத் தரும் என்பது என் எண்ணம்.

மடியில் கிடத்தி, இடக்கையில் எஃகுத் துண்டைப் பிடித்துத் தந்திகளின் மேல் இழுத்து வாசிக்கும் ஹவாய் பாணி, 1915-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் பெரும் மோகமாகப் பரவியது. ஆனால் மடியில் கிடக்கும் கிட்டாரின் முகம் கூரையைப் பார்த்திருப்பதால் அதன் ஒலி நேராக அவையோரைச் சென்றடைவதில்லை. ஒலியைப் பெருக்கும் தேவை முதலில் இந்தப் பாணியில் வாசித்தவர்களுக்கே கடுமையாக இருந்தது. தந்தியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட பிக்கப் நேரடியாக மின்சாரமாக மாற்றிவிடும் என்றான பிறகு, உள்ளீடற்ற மரப்பெட்டிக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அதுமட்டுமல்ல, அந்தப் பெட்டி ஒலிபெருக்கியின் சத்தத்தைத் தானும் வாங்கி அதிர்ந்து ஊளையிடவும் செய்யும்.

இந்த உண்மையை முதலில் பிடித்துக்கொண்டது ரிக்கன்பேக்கர் தரப்புதான். ஜார்ஜ் பீச்சமும் அடால்ஃப் ரிக்கன்பேக்கரும் 1932-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஃப்ரையிங் பேன்' என்ற லேப் ஸ்டீல் முழுக்க வார்ப்பு அலுமினியத்தால் ஆனது. அதன் பிக்கப்பில் இரண்டு குதிரைலாடக் காந்தங்கள் தந்திகளைச் சுற்றி வளைந்து நிற்கும். மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி விலகியதால், 1935-ல் அவர்கள் பேக்கலைட் என்ற பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அந்த 'மாடல் பி' ஹவாய் வடிவத்திலும், சாதாரணமாகப் பிடித்து வாசிக்கும் ஸ்பானிஷ் வடிவத்திலும் வந்தது. இரண்டாவதில் பிக்கப், உடல், திருகாணியால் பொருத்திய கழுத்து எல்லாம் லேப் ஸ்டீலிலிருந்து ஏறக்குறைய அப்படியே இறங்கியவை. எடையைக் குறைக்க உடலில் குழிகள் விட்டு உலோகத் தகடுகளால் மூடியிருந்ததால் அதைக் கறாரான பொருளில் சாலிட் பாடி என்று சொல்ல முடியாது. என்றாலும் ஒலியளவில் அது அந்த இனம்தான். ஆயினும், பரிசோதனையாக அதற்கு முழு மதிப்பெண் தரலாமே ஒழிய, தோளில் மாட்டி இரவெல்லாம் வாசிக்கும் கருவியாகத் தர இயலாது. சிறிய உடலும் பெருத்த எடையும் மடிக்குப் பொருந்தும், தோளுக்குப் பொருந்தாது.

கிப்சன் இதற்கு நேரெதிரான வழியில் சென்றது. 1935-ன் இறுதியில் இஎச்-150 லேப் ஸ்டீலில் பயன்படுத்திய பிக்கப்பையே, அடுத்த ஆண்டு இஎஸ்-150 என்ற உள்ளீடற்ற ஆர்ச்டாப் (மேற்பலகை வளைந்த) கிட்டாரில் பொருத்தியது. ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் புகழால் அந்தப் பிக்கப் அவர் பெயரையே பெற்றுவிட்டது. அது லேப் ஸ்டீல் வழியாக வந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதாவது, கிப்சன் மின்சாரத்தை எடுத்துக்கொண்டது, உடலை எடுத்துக்கொள்ளவில்லை. கிட்டார் கலைஞர் லெஸ் பால் பைன் மரக்கட்டையின் இருபுறமும் எபிஃபோன் கிட்டாரின் பாதிகளை ஒட்டி 'லாக்' செய்து காட்டியபோதும் அந்நிறுவனம் அசையவில்லை. தச்சுத்திறனுக்குப் பெயர்பெற்ற ஒரு நிறுவனம் வெறும் கட்டையை விற்கக் கூச்சப்பட்டது இயல்பே. ஆனால் அந்தக் கூச்சத்தின் விலையாக, தன் முதல் சாலிட் பாடியை 1952 வரை அது தள்ளிப்போட வேண்டியிருந்தது.

லியோ ஃபெண்டருக்கு அப்படிப்பட்ட கூச்சம் ஏதும் இல்லை. வானொலி பழுதுபார்ப்பவரான அவர் டாக் காஃப்மனுடன் சேர்ந்து 1945-ல் கே & எஃப் என்ற பெயரில் செய்யத் தொடங்கியவை லேப் ஸ்டீல்களும் ஒலிபெருக்கிகளுமே. பலகையை அறுத்து, பிக்கப்பைத் திருகி, விற்பது என்பது அவருக்குப் பழகிய தொழில். அதனால் 1950-ல் வந்த எஸ்கொயரையும் பிராட்காஸ்டரையும் ஃபிரெட் (கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) வைத்த லேப் ஸ்டீல் என்றே நான் பார்க்கிறேன். பிரிட்ஜை (உடலின் மேல் தந்திகளைத் தாங்கும் பாகம்) ஒட்டிய அவற்றின் பிக்கப், முந்தைய ஆண்டு வெளிவந்த சாம்பியன் லேப் ஸ்டீலின் பிக்கப்பிலிருந்து வளர்ந்தது; டெலிகாஸ்டருக்கே (பிராட்காஸ்டரின் பிற்காலப் பெயர்) உரிய அந்தக் கூர்மையான ஒலி அங்கிருந்து வந்ததுதான்.

இவற்றின் குறைகளும் அதே மரபிலிருந்து வந்தவை என்பதே எனக்கு இதில் சுவையான பகுதி. லேப் ஸ்டீலின் கழுத்தை யாரும் கையால் பற்றுவதில்லை; அது எவ்வளவு தடிமனாகவும் இருக்கலாம், தந்தியின் இழுப்புக்கு வளைந்துவிடுமோ என்ற கவலையும் இல்லை. முதலில் வந்த எஸ்கொயர்களின் மேப்பிள் கழுத்துக்குள் எஃகுத் தண்டு வைக்கப்படவில்லை. கழுத்துகள் வளையத் தொடங்கிய பிறகே அது சேர்க்கப்பட்டது. லேப் ஸ்டீலில் சுருதியைக் காதால் கேட்டு எஃகுத் துண்டை நகர்த்திச் சரிசெய்வார்கள் என்பதால், ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் பிரிட்ஜில் தனித்தனியாகத் திருத்தும் தேவை எழுவதில்லை. டெலிகாஸ்டரின் பிரிட்ஜில் இரண்டு தந்திக்கு ஒரு சேடில் (தந்தி அமரும் சிறு தாங்கி) என்று மூன்றே வைத்ததும், மேல் ஃபிரெட்களில் ஒரு தந்தியைச் சரிசெய்தால் அதன் துணைத் தந்தி விலகுவதும் இந்தப் பழக்கத்தின் எச்சமாகவே எனக்குப் படுகிறது.

கன்ட்ரி இசைக் கலைஞர் மெர்ல் டிராவிஸுக்காக 1948-ல் கிட்டார் செய்த பிக்ஸ்பியும் ஸ்டீல் கிட்டார் செய்து பெயரெடுத்தவரே. அவருடைய வேலை ஃபெண்டருடையதைவிட நேர்த்தியானது. ஆனால் ஒவ்வொன்றையும் கையால், கேட்டவருக்கு மட்டும் செய்துகொடுத்ததால் அது தொழிற்சாலைப் பொருளாகவில்லை.

1954-ல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரில் ஃபெண்டர் ஆறு தந்திக்கும் ஆறு சேடில் வைத்தார். அதன் வடிவமைப்பில் பெரும்பங்கு வகித்தவர், ஹவாயில் பிறந்து ஸ்டீல் கிட்டார் வாசித்து வாழ்ந்த ஃப்ரெடி டவாரஸ்.