அடைப்புள்ள இதயத்துக்குச் சீரான நடையா, விட்டுவிட்டுச் செய்யும் தீவிரப் பயிற்சியா?

இதயத் தமனி ஒன்றில் பாதிக்கு மேல் அடைப்பு இருப்பது ஆஞ்சியோகிராமில் தெரிந்து, மாத்திரையோடு உடற்பயிற்சியும் செய்யலாம் என்று மருத்துவர் அனுமதித்தபோது, என் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நாற்பது நிமிடம் ஒரே வேகத்தில் நடப்பது. மற்றொன்று, டிரெட்மில்லில் நான்கு நிமிடம் மூச்சிரைக்க ஏற்றம் ஏறி, மூன்று நிமிடம் மெதுவாக நடந்து, அதையே நான்கு சுற்றுகள் செய்வது. இரண்டையும் இசிஜி கண்காணிப்பில் செய்து பார்த்த பிறகு, நடையையே தேர்ந்தேன்.

உடல்திறனைக் கூட்டுவதில் தீவிரப் பயிற்சி முந்துகிறது. அதில் எனக்கு வாதமில்லை. இதயம் வேகமாகத் துடிக்கும்போது அதன் தசைக்கு இரத்தம் பாயும் விரிவு நேரம், அதாவது இரு சுருக்கங்களுக்கு இடையே இதயம் தளரும் நேரம், சுருங்குகிறது என்பதும் பலர் அறிந்ததே. என் முடிவைத் தீர்மானித்தது பொட்டாசியம்.

உழைக்கும் தசை ஒவ்வொரு சுருக்கத்திலும் தன் செல்களிலிருந்து பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. ஓய்வில் லிட்டருக்கு 4 மில்லிமோல் அளவில் இருப்பது, உடல் தாங்கும் எல்லைவரை உழைத்தால் தமனி இரத்தத்தில் 7-ஐயும் தாண்டக்கூடும். கூடவே லாக்டிக் அமிலம் பெருகி இரத்தத்தின் அமிலத்தன்மையும் ஏறுகிறது. படுக்கையில் இருக்கும் நோயாளிக்கு இந்த அளவு வந்தால் அவசர சிகிச்சைதான். உழைப்பவரின் இதயமோ தாங்கிக்கொள்கிறது. அதே வேளையில் பன்மடங்கு உயரும் அட்ரினலினும் நார்அட்ரினலினும் இதயச் செல்களுக்குள் கால்சியம் நுழைவதைக் கூட்டி, பொட்டாசியத்தால் மந்தமாகும் மின்தூண்டலை ஈடுசெய்கின்றன. அந்த ஹார்மோன்கள் தூண்டக்கூடிய தாளக் கோளாறைப் பொட்டாசியம் அடக்கிவைக்கிறது. தனித்தனியே ஆபத்தான இரண்டும் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன.

இரத்தம் குறைவாகச் செல்லும் பகுதியில் இந்தச் சமன் தளர்ந்துவிடுகிறது. அங்கே செல்களிலிருந்து கசியும் பொட்டாசியமும் அமிலமும் அடித்துச் செல்லப்படாமல் தேங்குவதால், நலமான தசைக்கும் பசித்த தசைக்கும் இடையிலான எல்லையில் மின்னோட்டம் சீரற்றுப் போகிறது.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது, நிறுத்திய பிறகு வரும் சில நிமிடங்கள். பயிற்சி நின்றதும் தசைகள் பொட்டாசியத்தை விரைந்து உறிஞ்சிக்கொள்வதால் அது ஓய்வு அளவுக்கும் கீழே இறங்கிவிடக்கூடும். நார்அட்ரினலின் அத்தனை வேகமாக இறங்குவதில்லை; அதை அடக்கிவைக்கும் பொட்டாசியமோ அப்போது குறைந்திருக்கிறது. ஒருநாள் கடைசிச் சுற்று முடிந்ததும், மெதுநடை நடக்காமல் சட்டென்று நின்றுவிட்டேன். கைப்பிடியைப் பற்றி நின்ற இரண்டாவது நிமிடத்தில் நெஞ்சில் ஏதோ தடுக்கியது போலிருந்தது; திரையில் அகலமான துடிப்புகள் மூன்று, முறை தவறிக் குறுக்கே வந்து போயின. வலியில்லை, பயிற்சியாளரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நடையில் பொட்டாசியம் சிறிதளவே ஏறுகிறது. ஏறியது குறைவென்பதால் இறக்கமும் செங்குத்தாக இல்லை.

எதிர்த்தரப்புக்கும் வலுவான சான்று உண்டு. 2012-இல் வெளியான நார்வே ஆய்வொன்றில், 4,846 இதய நோயாளிகள் கண்காணிப்பில் செய்த சுமார் 1,75,000 மணி நேரப் பயிற்சியில் இதயம் திடீரென நின்ற நிகழ்வுகள் மூன்றே பதிவாயின: மிதமான பயிற்சியில் ஒன்று, தீவிரப் பயிற்சியில் இரண்டு. தீவிரப் பயிற்சிக்கான மணிநேரம் குறைவாக இருந்ததால் விகிதம் அந்தப் பக்கம் கூடுதல்தான். ஆனால் இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து அதைக் குற்றம் சாட்டுவது நியாயமாகாது. என் மூன்று துடிப்புகளும் அப்படித்தான். ஒரே ஆளின் ஒரே நாள்.

அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்தவர்களின் கணக்கு வேறாக இருக்கலாம். எல்லா பீட்டா ஏற்பிகளையும், அதாவது அட்ரினலின் செல்களில் பற்றிச் செயல்படும் இடங்களை, தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குத் தசை பொட்டாசியத்தை உறிஞ்சுவது தாமதமாகி, பயிற்சியின்போது அது இன்னும் ஏறும் என்பதால், தேர்வுக்கு முன் மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டிப் பேசுவது நல்லது. நான் இப்போது நடையிலும் கடைசிப் பத்து நிமிடம் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்துகிறேன்.