தொடரிலக்கம் எழுதாத பற்றுச்சீட்டை வாங்காதீர்கள்: திருகோணமலையில் கணினி வாங்கிய அனுபவம்

என் மகள் கோணேசபுரியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். காணொளித் தொகுப்புக்குப் பழைய மடிகணினி ஈடுகொடுக்கவில்லை. சீட்டு எடுத்த பணத்தோடு நகரிலுள்ள ஒரு கடைக்குப் போய், பாகங்களை ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து, அங்கேயே பொருத்தித் தரச் சொன்னேன். 245,000 ரூபாய். எல்லாம் புதியவை என்றார் கடைக்காரர். பெட்டிகளைக் கேட்டபோது, "வீட்டில் இடத்தை அடைக்கும், சேர், நாங்களே எறிந்துவிடுகிறோம்" என்றார். அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும்.

அன்று மாலையே, மகள் முதல் காணொளியை ஏற்றுமதி செய்யத் தொடங்கிய சில நிமிடங்களில் கணினி அணைந்து மீண்டும் தொடங்கியது. மறுநாள், விண்டோஸ் பிழை காட்டி நின்றுபோகும் நீலத்திரை. உப்புவெளியிலிருந்து முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். "விண்டோஸ் பிரச்சினை" என்று சொல்லி, மீண்டும் நிறுவி 3,000 ரூபாய் வாங்கினார்கள். மூன்று நாளில் அதே நிலை. இரண்டாம் முறை, "உங்கள் வீட்டு மின்சாரம் சரியில்லை" என்று மின்தடையின்போது மின்சாரம் தரும் பட்டரிப் பெட்டியான யூபிஎஸ் ஒன்றை 22,000 ரூபாய்க்கு விற்றார்கள். மின்தடைக்கு யூபிஎஸ் உதவும், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் 230 வோல்ட் சீராக வருவதை மின்னியலாளர் அளந்து காட்டியிருந்தார். மூன்றாம் முறை வைரஸ் என்றார்கள். இன்னொரு 3,000.

இதற்கிடையில் மகளின் கோப்புகள் கெடத் தொடங்கின. முதல் நாள் சேமித்த காணொளி மறுநாள் திறக்கவில்லை. இரண்டு இரவு கண்விழித்துச் செய்த வேலை போனதும் அவள் அழுதாள். பணம் போனதைவிட எனக்கு அதுதான் வலித்தது.

கொழும்பில் கணினித் துறையில் இருக்கும் மருமகனிடம் சொன்னேன். அவன் முதலில் கேட்டது, "மாமா, நீலத்திரையில் ஒவ்வொரு முறையும் ஒரே பிழையா, வேறு வேறா?" என்றுதான். வேறு வேறு. "அப்படியானால் ராமைத்தான், அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தைத்தான், முதலில் சந்தேகிக்க வேண்டும்" என்றான். அவன் சொன்னபடி மெம்டெஸ்ட்86 என்ற இலவசச் செயலியை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடக்கினேன். இந்தச் சோதனைக்கு விண்டோஸே தேவையில்லை. ஆகவே அதில் பிழை வந்தால், விண்டோஸ்மீதும் வைரஸ்மீதும் யாரும் பழிபோட முடியாது.

முதல் சுற்றிலேயே சிவப்பு வரிகள் வந்தன. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், ராமைக் கூடிய வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியை அணைத்து, ராமைச் சாதாரண வேகத்தில் ஓடவிட்டும் சோதித்தேன். அப்போதும் சிவப்பு. பிறகு மின்இணைப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு 8 ஜிபி ராம்களில் ஒன்றை வெளியே எடுத்து, மற்றதை, ராம் செருகும் துளைகளில் ப்ராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதாக வரும் துளையில் செருகிச் சோதித்தேன். நான்கு சுற்றும் ஒரு பிழைகூட இல்லை. அதே துளையில் அடுத்ததைச் செருகினேன். ஆயிரக்கணக்கில் பிழைகள். துளை ஒன்றுதான், ராம் மட்டுமே மாறியது. எனவே குற்றம், துளைகள் இருக்கும் மதர்போர்டில் (தாய்ப்பலகையில்) இல்லை. (பழுதான ராம் இருந்தால், வட்டில் எழுதப்படும் கோப்பும் சத்தமில்லாமல் கெடலாம். மகளின் காணொளிகள் கெட்டது அதனால்தான்.)

"எஸ்எஸ்டியையும் பார்த்துவிடுங்கள், மாமா" என்றான் மருமகன். எஸ்எஸ்டி என்றால் கோப்புகளைச் சேமிக்கும் வட்டு. அதன் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற செயலியில், வட்டு இயங்கிய மொத்த மணிநேரம் என்ற வரி இருக்கிறது. அதில் 9,340 என்று காட்டியது. கணினி வீட்டுக்கு வந்து 28 நாட்கள். இரவும் பகலும் அணைக்காமல் ஓட்டியிருந்தாலும் 672 மணிநேரத்தைத் தாண்டியிருக்க முடியாது. வேறு யாரோ ஒருவரின் கணினியில் ஒரு வருடத்துக்கு மேல் ஓடித் தேய்ந்ததை எனக்குப் புதியதென்று விற்றிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் ராமைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேர், இது நாங்கள் கொடுத்த ராம் இல்லை" என்றார். நான் பற்றுச்சீட்டை நீட்டினேன். அதில் "கம்பியூட்டர் செட் 1" என்று மட்டும் இருந்தது. எந்த நிறுவனத்தின் ராம், என்ன தொடரிலக்கம், எத்தனை வருட உத்தரவாதம், எதுவுமே இல்லை. இருபது வருடம் ஆசிரியராக இருக்கிறேன். பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடுமுன் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பவன், அந்தத் துண்டை வாசிக்காமல் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. இன்னொருவருக்கு நடக்கக்கூடாது என்பதால்தான் எழுதுகிறேன்.

பாகம் பொருத்தித் தரும் கடையில் பணத்தைக் கொடுக்குமுன், ராம், எஸ்எஸ்டி, மதர்போர்ட், பவர் சப்ளை ஒவ்வொன்றின் தொடரிலக்கத்தையும் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கடையைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பெட்டிகளை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லி, வீட்டுக்கு எடுத்து வாருங்கள். எஸ்எஸ்டியின் மணிக்கணக்கைக் கடை மேசையிலேயே காட்டச் சொல்லுங்கள், இரண்டு நிமிட வேலை. புதியதில் பூச்சியத்துக்கு அருகில்தான் இருக்கும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்துப் பேசிவிட்டு, எழுத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அதன் முடிவு வரும்வரை கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பழுதான ராமை ஓர் உறையில் இட்டு, படங்களோடு பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். நல்ல ராம் ஒன்றுடன் கணினி பதினொரு நாளாக ஒருமுறைகூட நிற்காமல் ஓடுகிறது. மகள் தன் வேலையை வெளி வட்டு ஒன்றிலும் சேமித்துக்கொள்கிறாள்.

அண்மையில் நகரில் கணினி பொருத்தி வாங்கியவர்கள் இன்றிரவே உங்கள் எஸ்எஸ்டியின் மணிக்கணக்கைப் பாருங்கள். கணக்கு இடித்தால், திரையைத் தேதியோடு படம் எடுத்துக்கொண்டு 1977க்கு அழையுங்கள்.